படம் எங்கே போயிற்று?

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. தம் குறையை மனுவாக எழுதி அங்கே கட்டிவிட்டு வருவதைப் ‘பிராது கட்டுதல்’ என்பர். இதில் இயற்பியல் மாணவர்கள் கவனிக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. பிராது கட்டுபவர், கோயிலிலிருந்து தம் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி பணம் செலுத்துவது அங்குள்ள வழக்கம். நெய்வேலிக்காரருக்கு ஒரு தொகை, சேலத்துக்காரருக்கு வேறொரு தொகை. தூரங்கள் எல்லாம் கோயில் என்ற ஒரே இடத்திலிருந்து அளக்கப்படுகின்றன. அதே கணக்கைச் சிதம்பரத்துக்கு எடுத்துச் சென்று அங்கிருந்து அளந்தால் நெய்வேலியும் கிடைக்காது, சேலமும் கிடைக்காது. எண் மாறவில்லை, எங்கிருந்து அளந்தோம் என்பதுதான் மாறிவிட்டது.

ஓரிடத்தின் நிலையைச் சொல்ல ஆதிப்புள்ளி ஒன்று வேண்டும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். ‘கிழக்கே 3 கிலோமீட்டர்’ என்பது பாதி முகவரிதான். ‘எங்கிருந்து?’ என்ற வினாவுக்கு விடை கிடைத்த பிறகே அது முழு முகவரி ஆகிறது. கணிப்பொறியில் பெரிய நூல்களைப் பகுதி பகுதியாக எழுதித் தொகுப்பவர்கள் இந்தப் பாதி முகவரியால்தான் அன்றாடம் அவதிப்படுகிறார்கள். எழுதும்போது கண்ணெதிரே இருந்த படம், நூல் தொகுக்கப்பட்டவுடன் காணாமற் போகிறது. சில வேளைகளில் அதன் இடத்தில் வேறொரு படம் வந்து அமர்ந்துகொள்கிறது. ஏன் அப்படி நேர்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பதைக் காண்போம்.

எக்ஸ்.எம்.எல். என்பது என்ன?

எழுத்தோடு எழுத்தாகக் குறிகளைச் சேர்த்து, இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று கணிப்பொறிக்கு உணர்த்தும் முறையே எக்ஸ்.எம்.எல். உலகளாவிய வலையின் தரங்களை வகுக்கும் கூட்டமைப்பு இதனை 1998 பிப்ரவரி 10 ஆம் நாள் வெளியிட்டது. தலைப்பு எந்த அளவு எழுத்தில் வர வேண்டும், எந்த நிறத்தில் வர வேண்டும் என்பதைப் பற்றி இக்குறிகள் கவலைப்படுவதில்லை. அதை வேறொரு நிரல் கவனித்துக்கொள்ளும். ஆகவே ஒரே மூலத்திலிருந்து அச்சுநூல், வலைப்பக்கம், மின்னூல் மூன்றையும் எடுக்கலாம்.

இக்குறிகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியொரு விதி கிடையாது. <இயல்> என்றும் <படம்> என்றும் தமிழிலேயே குறி அமைக்கலாம், எக்ஸ்.எம்.எல். அதை முறைப்படி ஏற்றுக்கொள்ளும். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளை அந்த உரிமையோடு தமிழில் தந்திருக்கிறேன்.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள். படம் எக்ஸ்.எம்.எல். கோப்புக்குள் இருப்பதில்லை. கோப்புக்குள் இருப்பது படத்தின் முகவரி மட்டுமே. ஈயெழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், கையெழுத்துப் படியின் ஓரத்தில் ‘பிளாக் எண் 14 இங்கே’ என்று எழுதியிருப்பார்கள். துத்தநாகத் தகட்டில் செதுக்கிய அந்தப் பிளாக் வேறோர் அறையில், ஓர் இழுப்பறையில் கிடக்கும். அச்சுக் கோப்பவர் போய் எடுத்து வர வேண்டும். இன்றும் நிலைமை அதுதான். எடுத்து வருபவர் மட்டும் மாறியிருக்கிறார். மனிதர் என்றால் 14 ஆம் எண் இல்லாவிட்டால் ஆசிரியரிடம் வந்து கேட்பார். நிரல் கேட்பதில்லை.

ஒரு பீங்கான் கையேடு

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பொம்மைகள், கோப்பைகள், மின்சாரப் பெட்டிகளில் செருகும் பியூஸ் கேரியர்கள், மின்காப்பிகள் எனப் பலவகைப் பொருள்கள் இங்குள்ள சூளைகளிலிருந்து வெளிவந்திருக்கின்றன. பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களும் இவ்வூரில் உண்டு. அவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

ஒருவரே முழுவதும் எழுத முடியாது. களிமண்ணைப் பற்றி வேதியியல் ஆசிரியர் எழுதுகிறார். பாரிஸ் சாந்து அச்சில் குழம்பு ஊற்றும் முறையைப் பட்டறையில் பழகியவர் எழுதுகிறார். சூளையின் வெப்பத்தைப் பற்றி எழுதும் பொறுப்பு இயற்பியல்காரருக்கு வருகிறது. ஒவ்வொருவரும் தனித்தனிக் கோப்பில் எழுத, ஒரு தலைமைக் கோப்பு அவற்றை வரிசையாகச் சேர்த்துக்கொள்கிறது. இதனால் இன்னொரு வசதியும் உண்டு. சூளை இயலை மட்டும் எடுத்துப் பட்டறை உரிமையாளர்களுக்கான சிறு நூல் ஒன்றிலும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு முறை எழுத வேண்டியதில்லை. திருத்தம் வந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பகுதி பகுதியாக எழுதுவதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

கோப்புறைகள் இவ்வாறு அமைந்திருக்கட்டும்:

கையேடு/தலைமை.எக்ஸ்எம்எல்
கையேடு/இயல்கள்/சூளை/சூளை.எக்ஸ்எம்எல்
கையேடு/இயல்கள்/சூளை/படங்கள்/படம்1.பிஎன்ஜி
கையேடு/இயல்கள்/பொம்மை/பொம்மை.எக்ஸ்எம்எல்
கையேடு/இயல்கள்/பொம்மை/படங்கள்/படம்1.பிஎன்ஜி

சூளை இயலை எழுதியவர் தம் கோப்பில் இப்படி எழுதுகிறார்:

<படம் இடம்="படங்கள்/படம்1.பிஎன்ஜி"/>

அவர் செய்தது சரியே. அவருடைய கோப்பு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பக்கத்திலேயே ‘படங்கள்’ என்ற கோப்புறை இருக்கிறது. அதற்குள் படம்1 இருக்கிறது. இதனைச் சார்பு முகவரி எனலாம். தனியாகத் திறந்து பார்க்கும்போது படம் அழகாகத் தெரிகிறது.

இப்போது தலைமைக் கோப்பு அந்த இயலை இழுத்துச் சேர்க்கிறது:

<சேர் கோப்பு="இயல்கள்/சூளை/சூளை.எக்ஸ்எம்எல்"/>

இயலின் எழுத்துகள் எல்லாம் தலைமைக் கோப்புக்குள் வந்துவிட்டன. அவற்றோடு ‘படங்கள்/படம்1.பிஎன்ஜி’ என்ற சொற்களும் வந்துவிட்டன. ஆனால் படம் வரவில்லை. அது தன் இடத்திலேயே இருக்கிறது. நிரல் இப்போது தலைமைக் கோப்பு இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு ‘படங்கள்’ என்ற கோப்புறையைத் தேடுகிறது. ‘கையேடு’ என்ற கோப்புறைக்குள் அப்படி ஒன்று இல்லை. படம் காணோம்!

காணாமற் போவது நல்லது என்றுகூடச் சொல்வேன். பக்கத்தில் வெற்றிடம் தெரிந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். வேறொரு நிலையை எண்ணிப் பாருங்கள். ‘எல்லாப் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டுவிடலாம்’ என்று யாரோ ஒருவர் முடிவு செய்து, எல்லா இயல்களின் படங்களையும் ‘கையேடு/படங்கள்’ என்ற இடத்துக்கு நகலெடுக்கிறார். இரண்டு படம்1 இருப்பதால் பின்னால் வந்தது முன்னதன் மேல் எழுதப்பட்டுவிடுகிறது. நூலைத் தொகுத்தால் வெற்றிடம் ஏதுமில்லை. எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும். ஆனால் சூளை இயலில், மின்காப்பியைச் சுடும் வெப்பக் கோட்டின் இடத்தில், சுடுமண் பொம்மையின் வெப்பக் கோடு நிற்கிறது.

இது சிறு பிழையன்று. சுடுமண் பொம்மைக்கு 900 முதல் 1000 பாகை செல்சியஸ் வரை வெப்பம் போதும். மின்காப்பிக்கான பீங்கானுக்கோ 1250 பாகைக்கு மேல் வேண்டும். அவ்வளவு வெப்பத்தில்தான் அதிலுள்ள ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோலாகித் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளை அடைக்கிறது. 1000 பாகையில் நிறுத்திவிட்டால் பொருள் பார்வைக்கு வெள்ளை வெளேரென்று உறுதியாகவே இருக்கும். ஆனால் உள்ளே நுண்துளைகள் திறந்தே கிடக்கும். மழைக்காலத்தில் நீரை உறிஞ்சும். மின்சாரத்தைத் தடுக்க வேண்டியது கசியவிடும். மாறாக, பொம்மை மண்ணை 1250 பாகையில் சுட்டால் அது வளைந்து உருக்குலையும்.

வெப்பத்தின் உச்சம் மட்டுமன்று, ஏறும் இறங்கும் வேகமும் முக்கியம். 573 பாகையில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி, அதன் பருமன் திடீரென மாறுகிறது. குளிரும்போது அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் பொருளில் வெடிப்பு விழும். எங்கே மெதுவாக இறங்க வேண்டும் என்பதைப் பத்தி பத்தியாக எழுதுவதைக் காட்டிலும் ஒரு கோட்டுப்படம் தெளிவாகச் சொல்லிவிடும். ஆகவேதான் அந்தப் படம் சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஒரு சூளைச் சரக்கு முழுவதும் அதை நம்பி உள்ளே போகிறது.

வெக்டர் கணக்கு

சிக்கல் எங்கே என்று இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். சார்பு முகவரி ஒரு வெக்டர். சூளைக் கோப்பிலிருந்து படத்துக்குச் செல்லும் வெக்டர் அது. தலைமைக் கோப்பு என்ற ஆதிப்புள்ளியிலிருந்து படத்தை அடைய வேண்டுமானால், தலைமைக் கோப்பிலிருந்து சூளைக் கோப்புக்குச் செல்லும் வெக்டரை அதனோடு கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டதுதான் தவறு.

இந்தக் கூட்டலுக்கு முறையான விதிகள் உண்டு. வலை முகவரிகளின் பொது இலக்கணத்தை டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் ஆகிய மூவர் எழுதி, அது 2005 ஜனவரியில் இணையத் தரமாக வெளிவந்தது. கூட்டும் முறை இதுதான். முதலில் அடி முகவரியின் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் உள்ள கோப்பின் பெயரை நீக்குங்கள். ‘இயல்கள்/சூளை/சூளை.எக்ஸ்எம்எல்’ என்பது ‘இயல்கள்/சூளை/’ ஆகிறது. அதன் பின்னால் சார்பு முகவரியை ஒட்டுங்கள். ‘இயல்கள்/சூளை/படங்கள்/படம்1.பிஎன்ஜி’ கிடைக்கிறது. முகவரியில் இரு புள்ளிகள் (..) வந்தால் ஒரு படி மேலே ஏறுக என்று பொருள், அதற்கு முன்னுள்ள ஒரு கோப்புறைப் பெயரை அது அடித்துவிடும். ஒரு புள்ளி மட்டும் வந்தால் நின்ற இடத்திலேயே நில் என்று பொருள், அதைத் துடைத்துவிடலாம்.

எடுத்துக்காட்டாக, பொம்மை இயலை எழுதுபவர் சூளை இயலின் படத்தைக் காட்ட விரும்பினால் ‘../சூளை/படங்கள்/படம்1.பிஎன்ஜி’ என்று எழுதலாம். ‘இயல்கள்/பொம்மை/’ என்பதோடு அதைக் கூட்டிப் பாருங்கள். இரு புள்ளிகள் ‘பொம்மை’யை அடித்துவிட, மேலே கண்ட அதே முகவரிதான் மிஞ்சும்.

ஆனால் கூட்டுவதற்கு அடி முகவரி தெரிய வேண்டுமே? சேர்த்த பிறகு எந்தப் பத்தி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? இதற்குத்தான் 2001 ஜூன் மாதத்தில் ‘எக்ஸ்.எம்.எல். பேஸ்’ என்ற தரம் வந்தது. எந்தக் குறியின் மீதும் ‘இதற்குள் இருக்கும் சார்பு முகவரிகளை இங்கிருந்து அளக்க’ என்று ஒரு பண்பை எழுதிவைக்கலாம். 2004 டிசம்பரில் வந்த ‘எக்ஸ்இன்குளூட்’ என்ற தரம் கோப்புகளைச் சேர்க்கும் முறையை வகுத்தபோது, சேர்ப்பவரே இந்தப் பண்பைப் பொறிக்க வேண்டும் என்று விதித்தது. அதன்படி சூளை இயல் தலைமைக் கோப்புக்குள் வரும்போது, அதன் முதற் குறியில் ‘அடி = இயல்கள்/சூளை/சூளை.எக்ஸ்எம்எல்’ என்ற முத்திரையோடு வரும். வெளியூரில் குடியேறியவர் ‘சொந்த ஊர் விருத்தாசலம்’ என்று சொல்லிக்கொள்வது போல!

இது அழகான ஏற்பாடு. இயலை எழுதியவர் தம் கோப்பைத் தொட வேண்டியதில்லை. அது எந்த நூலில், எந்த ஆழத்தில் சேர்க்கப்பட்டாலும் அதன் படங்கள் அதனைத் தொடரும். இயலும் படங்களும் ஒரே கோப்புறையில் சேர்ந்து இருக்கட்டும் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான். ‘எல்லாப் படமும் ஒரே இடத்தில்’ என்பது கேட்க எளிமையாக இருக்கும். நூறு படம் சேர்ந்த பிறகு அது சந்தைக்கடை ஆகிவிடும்.

இருந்தும் படங்கள் ஏன் காணாமற் போகின்றன? முத்திரையைப் பொறிப்பது சேர்க்கும் நிரலின் கடமை. அதைப் படித்துக் கூட்டல் செய்வது அதன்பின் வரும் நிரலின் கடமை. பின்னது பல வேளைகளில் செய்யப்படுவதில்லை. ‘இடம்’ என்ற பண்பில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதிவிடும் மாற்று நிரல்கள் ஏராளம். இன்னொரு தொல்லையும் உண்டு. கோப்பின் இலக்கணத்தைச் சரிபார்க்கும் விதித்தொகுப்பில் இந்தப் பண்புக்கு இடம் தராவிட்டால், ‘அறியாத பண்பு’ என்று சரிபார்ப்பு நிரல் கூச்சலிடும். உடனே ஒருவர் அந்தப் பண்பையே நீக்கிவிடுவார். கூச்சல் நிற்கும், படங்களும் போய்விடும். தொழில்நுட்பக் கையேடுகளுக்கான டாக்புக் என்ற குறித்தொகுதியின் ஐந்தாம் பதிப்பும், பழநூல்களையும் ஆவணங்களையும் குறிக்கப் பயன்படும் டி.இ.ஐ. என்ற குறித்தொகுதியும் இப்பண்பை ஏற்கின்றன.

மூன்றாவது ஆதிப்புள்ளி

எழுதியவரின் கோப்பு ஓர் ஆதிப்புள்ளி, தலைமைக் கோப்பு இன்னொன்று என்று கண்டோம். பலர் மறந்துவிடும் மூன்றாவது ஒன்றும் உண்டு. தொகுத்து முடித்த வலைப்பக்கம் எங்கே வைக்கப்படுகிறதோ அதுதான் அது.

‘வெளியீடு’ என்ற வேறொரு கோப்புறையில் வலைப்பக்கத்தை எழுதுகிறோம் என்று கொள்ளுங்கள். அதைப் படிப்பவரின் உலாவி அந்தப் பக்கத்தின் இடத்திலிருந்துதான் படத்தைத் தேடும். நம் மூலக் கோப்புறைகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மாற்று நிரல் எழுத்தை மாற்றித் தருமே அன்றிப் படங்களைத் தூக்கிக்கொண்டு வராது. டாக்புக்குக்கென உள்ள புகழ்பெற்ற மாற்று நிரல் தொகுப்பும் படங்களை நகலெடுப்பதில்லை. அதை நாமே தனியாகச் செய்துகொள்ள வேண்டும். எனவே படங்களையும் அதே அமைப்பில் ‘வெளியீடு’க்குள் நகலெடுத்து, முகவரிகளை அந்தப் பக்கத்திலிருந்து அளந்து எழுத வேண்டும்.

பி.டி.எஃப். கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. தொகுக்கும் நேரத்திலேயே படம் அதற்குள் பதிக்கப்பட்டுவிடும். தொகுத்த கணத்தில் படம் கிடைத்துவிட்டால் பிறகு கவலையில்லை. ஈபப் என்ற மின்னூல் வடிவம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதுவும் உள்ளே எக்ஸ்.எம்.எல். கோப்புகளும் படங்களும் சேர்த்துக் கட்டிய ஒரு சுருக்கப் பொட்டலமே. பொட்டலத்தில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல் உள்ளேயே வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு படமும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். லாரியில் சரக்கோடு செல்லும் பட்டியலைப் போல. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளங்களிலிருந்து ஓர் ஈபப் நூலைப் பதிவிறக்கி, அதன் பெயரின் வால் பகுதியை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். பட்டியலும் படங்களும் அவற்றின் சார்பு முகவரிகளும் கண்ணெதிரே கிடக்கும். நூறு விளக்கத்தைவிட அது மேல்.

இன்னும் ஒரு வகை முகவரி உண்டு. ‘சி: என்ற வட்டில், இன்னார் பெயரில், டெஸ்க்டாப்பில், புதிய கோப்புறை 2 இல்’ என்று எழுதுவது. முழு முகவரிதானே, ஆதிப்புள்ளிச் சிக்கலே இல்லையே என்று தோன்றும். அது அவருடைய கணிப்பொறியில் மட்டுமே உண்மையான முகவரி. கோப்பு அடுத்தவர் கைக்குப் போனதும் அந்த ஊரே இல்லை. மாணவர்களின் திட்ட அறிக்கைகளில் நான் மிகுதியாகக் காணும் நோய் இதுதான்.

பொம்மைக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்

முகவரி சரியாக இருந்தும் படம் கிடைக்காத நிலை உண்டு. அதற்குக் காரணம் பெயர்.

ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கும்போது, பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் வழக்கமாக ஒன்றாகவே கருதும். லினக்ஸ் வெவ்வேறாகக் கருதும். வீட்டுக் கணிப்பொறியில் தெரிந்த படம் வலை வழங்கியில் மறைவதற்கு இது பழைய காரணம். விண்டோஸ் தன் முகவரிகளில் பின்சாய்கோட்டைப் பயன்படுத்துகிறது. வலை முகவரி முன்சாய்கோட்டை மட்டுமே ஏற்கும்.

தமிழில் பெயர் வைத்தால் வேறு சிக்கல். ‘பொம்மை’ என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ப’ என்ற மெய்யும் ஒகரக் குறி முழுவதும் ஒரே எண்ணாகவும் அமைவது ஒரு முறை. ‘ப’வுடன் ஒற்றைக் கொம்பு ஓர் எண், துணைக்கால் இன்னோர் எண் என்று பிரித்து எழுதுவது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றே. எந்தக் கண்ணாலும் வேறுபாடு காண முடியாது. ஆனால் முதல் முறையில் சொல் முழுவதற்கும் 6 எண்கள், இரண்டாவதில் 7 எண்கள். 2017 இல் புதிய கோப்பமைப்புக்கு மாறும் வரை ஆப்பிள் மேக் கணிப்பொறிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தன. மேக்கில் பிறந்த ‘பொம்மை’ லினக்ஸ் வழங்கிக்கு வந்தால், எக்ஸ்.எம்.எல். கோப்பில் சேர்ந்த வடிவில் எழுதிய ‘பொம்மை’யோடு அது பொருந்தாது. எதிரில் நின்றும் காணோம் என்ற கதைதான்!

வலை முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே செல்வதுமில்லை. ஒவ்வொரு யூனிகோடு எண்ணும் 3 பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்துகளாகிறது. ‘சூளை’ என்ற சிறு சொல் 36 எழுத்து நீளமாகிவிடும்.

நூலைத் தமிழில் எழுதுங்கள். குறிகளையும் தமிழில் அமையுங்கள். ஆனால் கோப்புகளின் பெயர்களை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், சிறுகோடு இவற்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. தமிழார்வலர் சிலருக்கு இது பிடிக்காது. கோப்புப் பெயர் வாசகருக்கு உரியதன்று, இழுப்பறையின் மீது ஒட்டிய எண் என்று கொண்டால் வருத்தம் தோன்றாது. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் தமிழ்ப் பெயர் வந்தது விளக்கத்துக்காகவே.

அதோடு ‘படம்1’ என்ற பெயரை அறவே விலக்குங்கள். எந்தப் படம் என்று பெயரே சொல்ல வேண்டும். மின்காப்பி-வெப்பக்கோடு என்று பெயர் வைத்திருந்தால் அது பொம்மை இயலின் படத்தால் அழிந்திருக்காது.

முகவரியா, பெயரா?

விருத்தகிரீசுவரர் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்தது 10 ஆம் நூற்றாண்டில், அவர் மகன் உத்தம சோழன் ஆட்சிக் காலத்தில். இக்கோயிலிலும் தமிழகத்தின் பிற கோயில்களிலும் உள்ள கல்வெட்டுகளை மைப்படி எடுத்த தொல்லியல் துறையினர், ஒவ்வொரு படிக்கும் ‘இந்த ஆண்டின் இத்தனையாம் எண்’ என்று எண் இட்டார்கள். கல்வெட்டுத் துறையின் தலைமை அலுவலகம் உதகமண்டலத்தில் இருந்தது. 1966 இல் மைசூருக்கு மாறியது. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு 2021 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. படிகள் இத்தனை ஊர் மாறினாலும், அவற்றைச் சுட்டும் ஆய்வு நூல்களில் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. ஏனெனில் நூல்கள் ‘உதகையில் இரண்டாவது அலமாரி’ என்று எழுதவில்லை. ஆண்டையும் எண்ணையும் எழுதின. முகவரி மாறும், பெயர் மாறாது.

எக்ஸ்.எம்.எல். உலகமும் இந்த வழிக்கு வந்து சேர்ந்தது. டிட்டா என்ற கையேட்டு முறை 2005 இல் தரமாயிற்று; அதன் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘திறவுச்சொல்’ என்ற வசதி சேர்ந்தது. இயலை எழுதுபவர் ‘மின்காப்பி-வெப்பக்கோடு என்ற படம்’ என்று பெயரை மட்டும் எழுதுவார். அந்தப் பெயருக்கு உரிய கோப்பு எங்கே இருக்கிறது என்பது நூலின் வரைபடத்தில் ஒரே ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கும். படத்தை இடம் மாற்றினால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். இரண்டு நூல்களில் ஒரே பெயருக்கு இரண்டு வெவ்வேறு படங்களைக்கூடத் தரலாம். மாணவர் நூலில் வண்ணப்படம், பட்டறை நூலில் கோட்டோவியம். டாக்புக் பயன்படுத்துவோருக்கு 2005 இல் தரமான ‘எக்ஸ்.எம்.எல். பட்டியல்’ என்ற முறை ஏறத்தாழ இதே உதவியைச் செய்யும்.

நான்கு இயல், இருபது படம் உள்ள நூலுக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை; சார்பு முகவரியே போதும். ஒரே படம் பல இயல்களில் வருமானால் பெயர் முறைக்கு மாறுங்கள்.

கல்வெட்டுகளே இன்று எக்ஸ்.எம்.எல். ஆகிவருகின்றன. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுதவியோடு 2019 இல் தொடங்கிய ‘தர்மா’ என்ற திட்டத்தில், பல்லவர் கல்வெட்டுகள் உட்படப் பல கல்வெட்டுகளின் பாடங்களை டி.இ.ஐ. குறிகளில் எழுதினார்கள். ஒரு கல்வெட்டுக்கு ஒரு கோப்பு. புதுச்சேரியிலும் ஒரு மையம் கொண்டுள்ள பிரெஞ்சுக் கீழையியல் ஆய்வுப் பள்ளி இதில் பங்கு கொண்டது. கல்லில் தேய்ந்துபோன ஓர் எழுத்தை ‘ன’ என்று ஒருவர் படித்திருந்தால், அது ‘ண’ஆக இருக்கலாமோ என்று பின்வருபவர் ஐயுறும்போது நிழற்படத்தைத்தான் பார்க்க வேண்டும். படத்துக்கும் பாடத்துக்கும் உள்ள கண்ணி அறுந்துவிட்டால் பாடம் சான்றில்லாமல் நின்றுவிடும். கல்லும் மேலும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

செய்து பாருங்கள்

எக்ஸ்எம்எல்லின்ட் என்ற இலவச நிரல் லினக்ஸிலும் மேக்கிலும் எளிதில் கிடைக்கும். ஒரு கோப்புறையில் தலைமைக் கோப்பு ஒன்றையும், அதற்குள் இரு கோப்புறை ஆழத்தில் இயல் கோப்பு ஒன்றையும் எழுதுங்கள். இயலுக்குள் ஒரு படத்தின் சார்பு முகவரி இருக்கட்டும். சேர்க்கும் குறி மட்டும் எக்ஸ்இன்குளூட் தரத்தில் சொல்லியுள்ள ஆங்கிலப் பெயரிலும் பெயர்வெளியிலும் இருக்க வேண்டும். நிரலை ‘எக்ஸ்இன்குளூட்’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால், சேர்ந்த இயலின் முதற் குறியில் அடி முகவரி முத்திரை பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். பிறகு ‘அடி முகவரியைச் சரிசெய்யாதே’ என்ற விருப்பத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். முத்திரை இராது. இரண்டு வெளியீடுகளையும் பக்கத்தில் வைத்துப் படத்தின் முகவரியை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அடுத்ததாக, நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து வரியில் ஒரு காவலாளியை எழுதிக்கொள்ளலாம். அது எல்லா எக்ஸ்.எம்.எல். கோப்புகளையும் திறந்து, ஒவ்வொரு படத்தின் முகவரியையும் அந்தக் கோப்பின் இடத்தோடு கூட்டி, அங்கே கோப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்படப் பெயர் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு எதிர்த்திசையில், எந்த இயலும் அழைக்காத படங்கள் எவை என்று பட்டியலிட வேண்டும். இந்த இரண்டாவது பட்டியலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒரு வெப்பக் கோடு யாராலும் அழைக்கப்படாமல் கிடந்தால் அதை அந்தப் பட்டியல்தான் முதலில் சொல்லும். சூளையை மூடித் தீ மூட்டுவதற்கு முன்பே.